கவுல் பெற்ற கம்பெனிகள்

பழவேற்காடு முதல் சதுரங்கப்பட்டினம் வரை, பழைய செங்கல்பட்டுச் சீமையின் கடற்கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் காலூன்றிய கதை பெரும்பாலும் கோட்டைகளின் கதையாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், கிடங்கும் அலுவலகமும் குடியிருப்புமாக விளங்கிய பண்டகசாலையை அமைக்கும் முன்பே, கம்பெனியின் முகவர் தங்கவும் வணிகம் செய்யவும் ஆட்சியாளர் எழுதித் தரும் கவுல் என்னும் உறுதிச் சீட்டைப் பெற்றாக வேண்டும். 1610இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அத்தகைய உரிமையைப் பெற்றனர். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் அளித்த கவுல், ஆங்கிலேயரின் ஆர்மகான் பண்டகசாலைத் தலைவர் பிரான்சிஸ் டேயைப் பெயர் சுட்டியபோதிலும், மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டுதல், நாணயம் அடித்தல், சுங்க விலக்கு ஆகிய உரிமைகளை ஆங்கிலக் கம்பெனிக்கே வழங்கியது. துறைமுகம் செழித்தால் வருவாய் பெருகும், பாரசீகக் குதிரைகளும் வந்திறங்கும் என்பது நாயக்கரின் கணக்கு.

கவுல் மட்டும் போதாது என்பதற்குக் கோவளம் சான்று. 1720ஐ ஒட்டி அங்கே பண்டகசாலை வைத்திருந்த ஆஸ்டெண்டுத் துறைமுக வணிகருக்கு, அந்நகரையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் பட்டயம், அதாவது கீழைநாட்டு வணிகத்துக்கான அரச உரிமை, வழங்கினார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நெருக்கவே, 1727இல் அதை ஏழாண்டுகளுக்கு நிறுத்திவைத்து, 1731இல் அடியோடு கைவிட்டார். கோவளத்துக் கிளையின் தலையெழுத்து வியன்னாவில் எழுதப்பட்டது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் நெடுநாள் நிலைத்தனர். மெல்லிய துணிக்காக வந்த முகவர் பலர் ஊர் திரும்பவில்லை என்பதை, கோட்டைக்குள் உள்ள கல்லறைப் பலகைகளில் செதுக்கிய குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் காட்டுகின்றன. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவ்வூரும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அதற்குள் கவுல் கேட்டவரே சீமைக்கு உடையவராகிவிட்டனர். 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, விட்டுக்கொடுத்தார். உரிமம் இல்லாமல் வந்து தங்கும் ஆங்கிலேயரைக்கூடக் கம்பெனி நாடு கடத்தலாம் என்றிருந்தது. நாயக்கர் அந்நியரிடம் காட்டாத கெடுபிடியைக் கம்பெனி தன் நாட்டாரிடமே காட்டியது விந்தைதான். 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், 1800க்கு முன்பே கம்பெனி வசமிருந்த பகுதிகளில் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அந்த உரிமத் தேவையை நீக்கியது.

ஒரே கவுலில் அடங்கியிருந்த வணிக உரிமையும் தங்கும் உரிமையும் இன்று இரண்டாகப் பிரிந்துவிட்டன. அயல்நாட்டு நிறுவனம் கிளை திறக்க 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அதை நடத்த வரும் அதிகாரி தனியே பணி விசா பெற்று, 180 நாளுக்கு மேல் தங்குவதானால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.