விம் எடிட்டரில் மாட்டிக்கொண்டீர்களா? வெளியே வர வழி இதுதான்!

லினக்ஸ் சர்வரில் ஒரே ஒரு வரியைத் திருத்தலாம் என்று விம் எடிட்டரைத் திறப்பார்கள். டைப் செய்தால் எழுத்து வராது. பதிலுக்கு, இருந்த வரி காணாமல் போகும். பதறி டெர்மினலையே மூடிவிடுபவர்கள் ஏராளம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விம்மை விட்டு வெளியேறுவது எப்படி என்ற கேள்வி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2017-லேயே 10 லட்சம் பார்வைகளைத் தாண்டிவிட்டது.

முதலில் எஸ்கேப் கீ. பிறகு கோலன், சின்ன கியூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்த மாற்றம் எதுவும் சேவ் ஆகாது, பழைய ஃபைல் அப்படியே இருக்கும். மாற்றம் வேண்டுமென்றால் கோலனுக்குப் பின் டபிள்யூ, கியூ. கேப்ஸ் லாக் ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பாதி குழப்பம் அதனால்தான்!

ஏன் இத்தனை சுற்று? திறந்ததும் விம்மில் எழுத்துகள் எல்லாம் கட்டளைகள். டி-யை இரண்டு முறை தட்டினால் வரி அழியும், யு தட்டினால் திரும்ப வரும். ஐ தட்டிய பிறகுதான் எழுதவே முடியும்.

இதன் மூதாதை விஐ. 1976-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் எழுதியது. அவர் பயன்படுத்திய மோடம் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளைத்தான் அனுப்பும். அதனால் ஒவ்வொரு கீ-யையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய டெர்மினலில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் கீ-களின் மேலேயே அச்சாகியிருந்தன. கர்சரை நகர்த்த இன்றும் அதே நான்கு கீ-கள்தான்.

பழகிப் பார்க்க நினைப்பவர்கள், டெர்மினலில் விம்டியூட்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் போதும். அரை மணி நேரப் பயிற்சி. நகல் ஃபைலில்தான் நடக்கும், தாராளமாகச் சொதப்பலாம்.