சட்டைக்குள் ஒரு செய்தித்தாள்

அம்பாசமுத்திரத்துல குளிரா என்று சிரிப்பவர்கள், மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு பைக்கில் ஆற்றுப் பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சி வரை போய்விட்டு வந்து சிரிக்கவும். தாமிரபரணி ஈரமும் வயல்காட்டுப் பனியும் சேர்ந்து வெறும் சட்டைக்குள் புகுந்தால் தெரியும் சேதி.

போன வருஷம் திருநெல்வேலியில் ரயில் பிடிக்க வேண்டிய நண்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வீரவநல்லூர் தாண்டியபோது குறுக்கே ஒரு மாடு. பிரேக் பிடிக்கணும்னு மூளை சொல்கிறது, விரல் கேட்கவில்லை. மரத்துப்போய்விட்டது! கடைசி நொடியில் கால் பிரேக்தான் காப்பாற்றியது. சேரன்மகாதேவி டீக்கடையில் கை நடுங்க கிளாஸைப் பிடித்தபோது, கடைக்கார அண்ணாச்சி நேற்றைய பேப்பரை நீட்டி, "ஏல, இத நெஞ்சுல வச்சி சட்டைப் பட்டனப் போடு" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். வைத்துப் பார்த்தால், நிஜமாகவே வேலை செய்தது.

அது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

நம் உடம்பைச் சுற்றி மெல்லிய சூடான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். பைக் ஓட்டும்போது எதிர்க்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், உடம்பு திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை முறையாக அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பேசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1941இல் அண்டார்டிகாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி, காற்றில் தொங்கவிட்டு, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். முடிவுகள் 1945இல் வெளிவந்தன. (இந்த சைப்பிள் 1928இல் சாரணர் பையனாக, 19 வயதில் முதல்முறை அண்டார்டிகா கிளம்பியவர். நாமெல்லாம் அந்த வயசில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள்.) 2001இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன்: 10 டிகிரி குளிரில் 60 கி.மீ. வேகத்துக் காற்று அடித்தால் தோலுக்கு அது 5 டிகிரி மாதிரி. 0 டிகிரி என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 9.

ஆக, பைக்காரனுக்குப் பிரச்சினை குளிரை விட காற்றுதான். பாட்டி பின்னிய கம்பளி ஸ்வெட்டர் வீட்டுத் திண்ணையில் சுகம். பைக்கில் அதன் ஓட்டை வழியாகக் காற்று விசிலடிக்கும். பேப்பர் காற்றை நிறுத்துகிறது, அவ்வளவுதான் ரகசியம். பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயக்காரர்களும் மலை உச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி பனியனுக்குள் சொருகிக்கொண்டுதான் சரிவில் இறங்குவார்களாம். சேரன்மகாதேவி அண்ணாச்சிக்கு இது யார் சொன்னதோ!

மோட்டார் சைக்கிள் உடையின் வரலாறே இந்தக் காற்றைத் தடுத்த வரலாறுதான். 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் 'பெர்ஃபெக்டோ' தோல் ஜாக்கெட்டைச் செய்தார். பெயர் அவருக்குப் பிடித்த சுருட்டின் பெயர். அதில் ஜிப் நெஞ்சின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும், ஸ்டைலுக்காக என்று நினைத்திருந்தேன். முன்பக்கம் இரண்டு மடிப்பாக விழுவதால் காற்று நேராக உள்ளே நுழைய முடியாது. 1953இல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் இந்த மாதிரி ஜாக்கெட்டைப் போட, அது உலகமெங்கும் ரவுடி உடையாகிவிட்டது. கடைசியில் மே மாத வெயிலில் நம்ம ஹீரோக்களும் அதைப் போட்டு டூயட் ஆடினார்கள், பாவம்.

இங்கிலாந்தில் குளிரோடு மழையும் உண்டு. அங்கே மெழுகு ஏற்றிய பருத்தித் துணி வந்தது. 1936இல் ஆறு நாள் பைக் பந்தயத்துக்காக பார்பர் கம்பெனி தைத்த 'இன்டர்நேஷனல்' சூட் பல வருடம் அந்நாட்டு அணிகளின் சீருடை போலவே இருந்தது. ஜெர்மனியில் 1923இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்32 வண்டியில் என்ஜின் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் என்ஜின் குளிரட்டும் என்று செய்த அமைப்பு, ஓட்டுபவன் காலுக்கு இலவச அடுப்பாகவும் ஆனது.

நம்ம கதைக்கு வருவோம். 1950களின் முற்பாதியில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு புல்லட் வண்டிகளைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, இங்கேயே தயாரிக்க வழி செய்தது. நினைத்துப் பாருங்கள், திருவொற்றியூர் தொழிற்சாலையில் வியர்வை சொட்டச் சொட்டப் பூட்டிய வண்டி, லடாக்கில் 5,359 மீட்டர் உயர கர்துங் லா வரை ஏறுகிறது. வண்டியை அனுப்பிய ஊர்க்காரனுக்கு ஸ்வெட்டரே தேவைப்படாது!

மின்சாரத்தில் சூடாகும் உடை முதல் உலகப் போரிலேயே விமானிகளுக்கு வந்துவிட்டது. பைக்காரர்கள் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கார்டன் கெர்பிங் என்பவர், குளிரில் பைக்கில் வேலைக்கு வந்த தன் பட்டறை ஆட்களுக்காக பைக் மின்சாரத்தில் சூடாகும் உடை செய்தார், பிறகு அதுவே வியாபாரமாயிற்று.

என்னிடம் அந்த வசதியெல்லாம் இல்லை. இப்போது செய்வது இதுதான்: உள்ளே பனியன், மேலே சட்டை, நடுவில் பேப்பர், வெளியே ரெயின்கோட். கைக்கு உறை கட்டாயம், அந்த மாடு சொல்லிக்கொடுத்த பாடம். அதிக தூரம் போனால் வியர்வையில் பேப்பர் நமத்துவிடும், நடுவில் மாற்ற வேண்டும். போன வாரம் சேரன்மகாதேவியில் நிறுத்தி பழைய பேப்பர் கேட்டேன். அண்ணாச்சி இந்தத் தடவை டீயோடு சேர்த்து ரெண்டு ரூபாய் போட்டுவிட்டார் :)