சூசையப்பருக்குப் படுக்கைப் புண் வரலாமா?

சூசையப்பரின் கடைசி நாட்களை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அதில் மரியாள் அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறாள். முதுகில் படுக்கைப் புண். நான் தாதி, முதியோர் இல்லத்தில் தினமும் பார்ப்பது அது. வாசித்த எங்கள் பங்குப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "புனிதருக்குப் புண்ணா, மகள்? வேதத்தில் இல்லாததை எழுதலாமா?" குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை.

வேதத்தில் இல்லைதான். நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடிக் கோவிலில் கண்டபோதும் கேட்பவர் தாய்தான். பிறகு அவரைக் காணோம். இறந்த விதத்தை எவரும் எழுதவில்லை.

பேசாத அந்த மனிதரைத்தான் வீரமாமுனிவர் 1726-இல் காப்பிய நாயகன் ஆக்கினார். தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள். இத்தாலியில் பிறந்த இந்த இயேசு சபைக் குரு யூதேயாவுக்குத் தமிழ் முறைப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினார். யோசேப்பை வளன் என்றார். வளன் நோயுற்று இறப்பதையும் பாடினார். ஸ்பானியக் கன்னியாஸ்திரி ஆக்ரேதா மரியா தாம் கண்ட காட்சிகளாக எழுதிய நூலை அவர் பின்பற்றினார் என்பது ஆய்வாளர் கருத்து. 1670-இல் அச்சான அந்நூலை 1681-இல் ரோம் தடை செய்தது. ஸ்பெயின் அரசர் தலையிட்டதும் தடையை நிறுத்திவைத்தது. இப்படிச் சர்ச்சைப்பட்ட நூலை ஒட்டி எழுந்த காப்பியத்தை நம் கோவில்களில் எவரும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. முனிவர் பாடியது என்பதாலோ, பாதிப் பேர் வாசிக்கவில்லை என்பதாலோ!

இன்னும் பழையது, எகிப்துக் கிறிஸ்தவர்களிடம் வழங்கிய 'தச்சர் யோசேப்பின் வரலாறு'. வேதத்தில் சேராத நூல். அதில் 111 வயது யோசேப்பு சாவுக்கு அஞ்சி நடுங்குகிறார். இயேசு தலைமாட்டில் இருக்கிறார். மரியாள் பாதங்களைத் தொட்டுப் பார்க்கிறாள், குளிர்ந்துவிட்டிருக்கின்றன. இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரவுப் பணியில் நாங்களும் பாதத்தைத்தான் தொட்டுப் பார்ப்போம். எழுதியவர் யாரோ ஒருவரின் கட்டிலருகே விழித்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பாதம் சரி, புண் வேண்டாம்" என்றார். கதையை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். இயேசுவின் வாயில் நான் வைத்திருந்த நான்கு வரி ஆறுதல் எனக்கே பொய்யாகத் தெரிந்தது, அதை நீக்கினேன். புண்ணை நீக்கவில்லை.