பீட்டர் லோரி

பீட்டர் லோரி (ஜூன் 26, 1904 – மார்ச் 23, 1964) ஜெர்மானிய, அமெரிக்கத் திரைப்படங்களில் நடித்த யூத குணச்சித்திர நடிகர். குள்ளமான உருவம், உருண்டைக் கண்கள், தணிந்து இழையும் குரல் ஆகியவை அவரது அடையாளங்கள். ஒரு கொலைகாரன் வேடம் அவருக்குப் புகழைத் தந்தது. அதே வேடத்தை நாஜிகள் யூதர்களுக்கு எதிரான பரப்புரைக்குப் பயன்படுத்தினர்.

பிறப்பு, இளமை

லோரியின் இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஸ்டைன். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள ரூஜொம்பெரோக் நகரில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். குடும்பம் பின்னர் வியன்னாவில் குடியேறியது. லோரி சிறிது காலம் வங்கியில் வேலை பார்த்தார். மனம் நாடகத்திலேயே இருந்தது. வியன்னாவில் ஜேக்கப் மொரேனோவின் உடனடி நாடகக் குழுவில் சேர்ந்தார். பீட்டர் லோரி என்ற மேடைப்பெயர் அங்கு அமைந்தது.

பெர்லின்

1920களின் இறுதியில் பெர்லின் சென்ற லோரி, பெர்டோல்ட் பிரெக்டின் நட்பைப் பெற்று அவரது நாடகங்களில் நடித்தார். 1931-ல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய முதல் பேசும்படமான ‘எம்’ வெளிவந்தது. அதில் குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கெர்ட்டாக லோரி நடித்தார். இறுதிக் காட்சியில் குற்றவாளிகளே கூடி அவனை விசாரிக்கிறார்கள். தன்னை ஆட்டிவைக்கும் வெறியிலிருந்து தப்ப வழியில்லை என்று அவன் கதறும்போது, பார்வையாளர் அருவருப்புடன் இரக்கத்தையும் உணர்கின்றனர். லோரியின் நடிப்பாற்றலுக்கு அக்காட்சியே தலைசிறந்த சான்று.

புலம்பெயர்வு

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லோரி ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பாரிஸ் வழியாக லண்டன் சென்றார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ (1934) படத்தில் வில்லனாக நடித்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் வசனங்களின் ஒலியை மனப்பாடம் செய்து பேசினார். பின்னர் ஹாலிவுட் சென்றார்.

1940-ல் ஃபிரிட்ஸ் ஹிப்லர் இயக்கிய ‘டெர் எவிகே யூடே’ என்ற நாஜிப் பரப்புரைப் படத்தில் ‘எம்’ படத்தின் இறுதிக் காட்சி சேர்க்கப்பட்டது. லோரி கற்பனைக் கதாபாத்திரமாகப் பேசியது, யூதர்களின் இயல்புக்குச் சான்று என்பதுபோலக் காட்டப்பட்டது.

ஹாலிவுட்

ஹாலிவுட்டில் லோரி ‘கிரைம் அண்ட் பனிஷ்மென்ட்’ (1935) படத்தில் ரஸ்கோல்னிகோவாக நடித்தார். 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் மிஸ்டர் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளர் வேடம் ஏற்றார். ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தில் ஜோயல் கெய்ரோவாக வந்தார். பருத்த உடல் கொண்ட சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுடன் பல படங்களில் இணைந்து நடித்தார்.

‘காஸாபிளாங்கா’ (1942) படத்தில் அகதிகளுக்குப் பயண அனுமதிகளை விற்கும் உகார்டே என்ற சிறு வேடம் அவருடையது. அப்படத்தின் நடிகர்களில் பலர் உண்மையிலேயே நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். சில நிமிடங்களே திரையில் தோன்றினாலும் கதையைத் தொடங்கி வைப்பது உகார்டேதான்.

ஜெர்மனிக்குத் திரும்புதல்

வயிற்று நோய்க்காகத் தொடங்கிய மார்ஃபின் பழக்கம் லோரியை நெடுங்காலம் வாட்டியது. 1949-ல் கடன்சுமையால் நொடித்துப்போனார். பின்னர் ஜெர்மனி சென்று ‘டெர் ஃபெர்லோரெனே’ (1951) படத்தை இயக்கி, நடித்தார். அவர் இயக்கிய ஒரே படம் அது. நாஜி ஆட்சியில் தன் காதலியைக் கொன்ற மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் குற்றத்தை அதிகாரிகளே மூடிமறைப்பதும், அவரது மனசாட்சி அவரை விடாமல் துரத்துவதும் கதை. போர்க்காலத்தை மறக்க விரும்பிய ஜெர்மானியர் அப்படத்தை வரவேற்கவில்லை. லோரி அமெரிக்கா திரும்பினார்.

இறுதிக்காலம்

1954-ல் ‘கேசினோ ராயல்’ தொலைக்காட்சி நாடகத்தில் லெ ஷிஃப்ராக நடித்து, ஜேம்ஸ் பாண்டின் முதல் திரை எதிரியானார். ரோஜர் கோர்மனின் ‘தி ரேவன்’ (1963) படத்தில் தன் பயங்கர பிம்பத்தைத் தானே கேலி செய்தார். 1964-ல் பக்கவாதத்தால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

மதிப்பீடு

லோரி பெரும்பாலும் துணைப் பாத்திரங்களிலேயே நடித்தார். ஹாலிவுட் அவரை வில்லனாகவும் விசித்திர மனிதனாகவும் மட்டுமே காண விரும்பியது. அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளும், கொடியவனுக்குள் இருக்கும் அச்சத்தையும் தனிமையையும் காட்டியதே அவரது சாதனை.