கோப்பியும் நடுக்குவாத மருந்தும்

இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாத நோயை 1817இல் விவரித்து நூலொன்று வெளியிட்டார். ஈராண்டுகள் கழித்து, ஜேர்மானிய இரசாயன அறிஞர் ருங்கே கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏற்படுமென அன்று எவரும் எண்ணியிரார்.

மூளையில் டோபமீன் என்னும் பொருள் குன்றுவதாலேயே உடல் விறைத்து நடுங்குகின்றது என்பது 1960இல் வியன்னா நகர ஆராய்ச்சியாளரால் தெளிவாயிற்று. 1967இல் அமெரிக்காவில் வைத்தியர் கொற்சியாஸ் டோபா மருந்தை வாய்வழியே பேரளவிற் கொடுத்து வெற்றி கண்டார். அதன் செம்மையான வடிவமாகிய லெவோடோபாவே இன்றும் முதன்மை மருந்து.

டோபமீனின் செயலை அடினோசின் என்னும் பொருள் தணிக்கும். அந்த அடினோசினைக் கஃபீன் தடுக்கும். எனவே, கோப்பி மருந்துக்குத் துணையாகுமோ என்ற வினா எழுந்தது. ஹவாயில் சுமார் 8000 ஆடவரை 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. கோப்பி மிகுதியாக அருந்தியோரிடை இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. நம்பிக்கை வளர்ந்தது. ஆயின், 121 நோயாளரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில், கஃபீன் உட்கொண்டோரின் அசைவில் முன்னேற்றம் காணப்படவில்லை.

எனினும் தேடல் வீண்போகவில்லை. கஃபீனோடு உறவுடைய இஸ்திரடெஃபிலின், லெவோடோபாவுக்குத் துணைமருந்தாக 2013இல் யப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. அதுவும் துணைமருந்தே. கோப்பியை நம்பி மாத்திரையைக் கைவிடுதல் ஆகாது. எவ்வளவு அருந்தலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிதலே முறை.