பள்ளி இசைத் தொழில்நுட்பக் கூடத்தின் ஒலிக்கருவிகள்

பள்ளி இசைத் தொழில்நுட்பக் கூடம் என்பது, மாணவர்கள் பாட்டையும் வாத்திய இசையையும் பதிவு செய்து கணினியில் தொகுக்கப் பழகும் அறையாகும். ஒலித்தடுப்புச் செய்யப்படாத, மின்விசிறி சுழலும் சாதாரண வகுப்பறையே பெரும்பாலும் இதற்கு வாய்ப்பதால், கருவிகளின் தேர்வும் அந்த அறையின் இயல்பை ஒட்டியே அமைய வேண்டியிருக்கிறது.

ஒலிவாங்கிகளில் இரு வகைகள் இங்கு முதன்மையானவை. டைனமிக் வகையில், ஒலியலை பட்டு அதிரும் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அமெரிக்க இயற்பியலாளர் இ. சி. வென்ட் 1916இல் உருவாக்கிய கண்டென்சர் வகையிலோ, மின்னூட்டம் பெற்ற சவ்வுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையிலான தூரம் மாறுவதே மின்குறிப்பாகிறது. வீணையின் கமகம் போன்ற நுணுக்கங்களைக் கண்டென்சர் துல்லியமாகப் பிடிக்கும்; ஆனால் மின்விசிறியின் இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் அது விட்டுவைக்காது. பெரும்பாலான கண்டென்சர்கள் இயங்க, ஒலிவாங்கிக் கம்பி வழியாகவே செலுத்தப்படும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபாண்டம் பவர், தேவைப்படுகிறது.

ஆகவே, கூடத்தின் முதல் ஒலிவாங்கி டைனமிக் வகையாக இருப்பதே பொருத்தம். ஷூர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஸ்எம்58 இதற்கு நன்கறியப்பட்ட சான்று. முன்னிருந்து வரும் ஒலியை மிகுதியாகவும் பின்னிருந்து வருவதைக் குறைவாகவும் ஏற்கும் கார்டியாய்டு அமைப்புடைய இது, மாணவர் கைகளின் முரட்டுத்தனத்தையும் தாங்கும். எனினும், மேடைப் பாடகர்களைப் பார்த்து மாணவர்கள் அதன் உருண்டை வலையைக் கையால் பொத்திப் பிடிக்கும்போது, பின்புறத் துளைகள் அடைபட்டு அந்தத் திசைத்தன்மையே கெட்டுப்போகிறது. கைப்பிடியில் மட்டும் பிடிக்கக் கற்பிப்பதும் பாடத்தின் பகுதியே.

ஒலிவாங்கியின் மின்குறிப்பைக் கணினிக்குரிய எண்களாக மாற்றுவது ஆடியோ இன்டர்ஃபேஸ். மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலையையும் தொப்பியையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டுமானால் குறைந்தது இரண்டு ஒலிவாங்கி உள்ளீடுகள் வேண்டும். கணினி, மாதிரிகள் எனப்படும் ஒலித்துணுக்குகளைத் தொகுதி தொகுதியாகவே கையாள்வதால் தாமதம் ஏற்படுகிறது: நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதி நிரம்பவே 21 மில்லிநொடி ஆகும். தன் குரலைத் தாமதமாகக் கேட்கும் மாணவர் தாளம் தப்புவது இதனால்தான். கணினி வழியே சுற்றவிடாமல் குரலை நேரே காதுக்கு அனுப்பும் வசதியுள்ள இன்டர்ஃபேஸ் இச்சிக்கலைத் தீர்க்கிறது.

பலர் ஒரே அறையில் பணியாற்றுவதால், காதை முழுதும் மூடும், பின்புறம் அடைத்த ஹெட்ஃபோன்களே ஏற்றவை. ஒலிபெருக்கி ஆசிரியர் மேசையில் ஒரு சோடி இருந்தால் போதும். பள்ளிகள் கொள்முதலில் மறப்பது கம்பிகளையும் தாங்கிகளையும்தான். செருகியின் ஈயப்பற்று விட்டுப்போன ஒரு கம்பி, விலையுயர்ந்த ஒலிவாங்கியையும் ஊமையாக்கிவிடும் என்பதால், ஒதுக்கிய பணம் குறைவாக இருக்கும்போது கண்டென்சரைத் தவிர்த்து மாற்றுக் கம்பிகளை வாங்குவதே சரியான தேர்வு.