ஜிபிஎஸ் இருக்கும்போது படகுக்கு வேக சென்சார் எதுக்கு? பின்பலகையில் எப்படிப் பொருத்தணும்? முழு விவரம்

மலைக்கோட்டையும் மேல்சித்தாமூர் சமண மடமும் இருக்கிற செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு கடல் ரொம்ப தூரம்னு தோணும். ஆனால் திண்டிவனம் தாண்டி கிழக்கே போனால், அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் மரக்காணம் கடற்கரை இருக்கிறது. அங்குள்ள குப்பங்களில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றில் இன்று ஜிபிஎஸ் இருக்கிறது. சிலவற்றில் மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டரும் உண்டு.

அந்தத் திரையோடு இணைகிற இன்னொரு சின்னக் கருவிதான் வேக, வெப்ப சென்சார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதைப் பொருத்த படகின் பின்பலகையில், அதுவும் தண்ணீருக்குக் கீழே, துளை போட வேண்டும். அதனால் வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜிபிஎஸ் காட்டாத வேகம் எது?

ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். அதாவது படகு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்பது. சென்சார் காட்டுவது படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வேகம். கடல் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கடல் எங்கே சும்மா இருக்கு?

தமிழகக் கரையோரம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். வருடத்தின் முற்பாதியில் அது திசை மாறி வடக்கே ஓடும். வட தமிழக மீனவர்கள் வடக்கிலிருந்து வரும் ஓட்டத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். அனுபவமுள்ளவர் வலை இழுபடுவதைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடுவார். சென்சார் அதையே எண்ணாகச் சொல்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்சாரில் வேகம் 8 நாட். ஜிபிஎஸ்ஸில் 6.5 நாட். அப்படியென்றால் 1.5 நாட் வேகத்தில் நீரோட்டம் எதிரே வருகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கரை 20 கடல் மைல் தொலைவில் இருந்தால், ஓட்டம் இல்லாத கடலில் இரண்டரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். எதிர் ஓட்டத்தில் 3 மணி 5 நிமிடம் ஆகும். கூடுதலாக எஞ்சின் ஓடுகிற அந்த 35 நிமிடத்துக்கும் டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. போகும்போது ஓட்டம் கூடவே தள்ளிவிட்டதால் எண்ணெய் கம்மியா செலவாச்சு, திரும்பும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது ஆபத்து.

வெப்பநிலை எதுக்கு?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. செயற்கைக்கோள் தரும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை, பச்சைய அளவு ஆகிய இரண்டும்தான் அதற்கு அடிப்படை. குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் விளிம்பில் மீன் இரை சேரும், இரையைத் தேடி மீன் வரும்.

ஆனால் மேகம் மூடினால் செயற்கைக்கோளால் இந்த விவரங்களைச் சரியாக எடுக்க முடியாது. அறிவிப்பு வந்து படகு அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த விளிம்பும் நகர்ந்திருக்கலாம். அந்த இடத்தில்தான் படகிலுள்ள வெப்ப சென்சார் உதவும். திரையில் 28 டிகிரியா 29 டிகிரியா என்பது பெரிய விஷயமில்லை. எந்த இடத்தில் சட்டென்று அரை டிகிரி, ஒரு டிகிரி மாறுகிறது என்பதைத்தான் கவனிக்கணும்.

எப்படி வேலை செய்கிறது?

சென்சாரின் அடியில் துடுப்பு வடிவில் இதழ்கள் கொண்ட ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். தண்ணீர் பட்டுச் சக்கரம் சுற்ற, அதற்குள் இருக்கும் காந்தமும் சுற்றும். அந்தச் சுற்றுகளை உள்ளே உள்ள மின்னணுப் பகுதி எண்ணி வேகமாக மாற்றுகிறது. வெப்பத்துக்குத் தனியாக ஒரு சின்ன உணரி. அவ்வளவுதான்.

எங்கே பொருத்தணும்?

பாதிப் பேர் தப்பு செய்வது இங்கேதான். சக்கரத்துக்குக் குமிழி இல்லாத, சீரான தண்ணீர் வேண்டும். படகின் அடியில் ஓடும் மேடுகளுக்கும் கட்டைகளுக்கும் நேர் பின்னால் வைத்தால் நுரைதான் வரும். எஞ்சினைக் குளிர்வித்து வெளியேறும் சுடுதண்ணீர் படுகிற இடத்தில் வைத்தால் வெப்பநிலை பொய்யாகிவிடும்.

ஒற்றை அவுட்போர்டு மோட்டார் என்றால், படகின் முன்பக்கம் பார்த்து நிற்கும்போது வலது கைப்பக்கம் பொருத்துவது வழக்கம். பின்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலான புரொப்பல்லர்கள் கடிகாரச் சுற்றில் சுழலும். வலப்பக்கம் இறக்கைகள் கீழ்நோக்கிப் போவதால் அங்கே கலக்கம் குறைவு. எதிர்ச்சுற்று புரொப்பல்லர் என்றால் இடப்பக்கம். எப்படியும் புரொப்பல்லரிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும். சில நிறுவனங்களின் கையேடு 38 சென்டிமீட்டர் வரை இடைவெளி கேட்கிறது. துளை போடும் முன் மோட்டாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, மேலே தூக்கியும் பார்த்துவிடுங்கள். சென்சாரில் இடிக்கக் கூடாது.

காசிமேடு, நாகப்பட்டினம் துறைமுகங்களில் நிற்கும் விசைப்படகுகளுக்கு இந்த வகை சரிப்படாது. அவற்றில் புரொப்பல்லர் பின்பலகைக்கு முன்னால், அடியில் இருக்கிறது. அது கலக்கிவிட்ட தண்ணீர்தான் பின்பலகைக்கு வந்து சேரும். அந்தப் படகுகளுக்கு, புரொப்பல்லருக்கு முன்னால் அடிப்பாகத்தைத் துளைத்துப் பொருத்தும் வேறு வகை சென்சார் இருக்கிறது. அந்த வேலையைப் படகு கட்டும் இடத்தில் செய்வதே பாதுகாப்பு.

துளை போடும்போது கவனம்

ஃபைபர் படகின் பின்பலகை வெளியே பார்க்கத்தான் ஃபைபர். பல படகுகளில் உள்ளே பிளைவுட் இருக்கும். ஒரு திருகு வழியே தண்ணீர் கசிந்தாலும் பிளைவுட் ஊறி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மோட்டாரின் முழு எடையையும் தாங்குவது அந்தப் பலகைதான். ஆகவே சென்சாரை விட இந்தத் துளைகள்தான் முக்கியம்.

துளை போடும் இடத்தில் முதலில் டேப் ஒட்டினால் மேல்பூச்சு சிதறாது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ, அந்த அளவில் டிரில் பிட்டிலும் ஒரு டேப் சுற்றிவிட்டால் அதற்கு மேல் இறங்காது. துளைக்குள் கடல் உபயோகத்துக்கான சீலன்ட்டை நிரப்பி, பிறகு துருப்பிடிக்காத எஃகுத் திருகை முடுக்க வேண்டும். பாத்ரூமுக்கு வாங்கிய சிலிகான் மிச்சம் இருக்கு, அதையே பூசிடலாம் என்பது கூடவே கூடாது. இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஊறாத பிளாஸ்டிக் பலகைத் துண்டு ஒன்றை முதலில் பின்பலகையில் ஒட்டி, சென்சாரை அதில் திருகலாம். இடம் சரியில்லை என்று நகர்த்தினாலும் படகில் புதுத் துளை விழாது.

ஃபைபர் படகில் சென்சாரின் அடிப்பக்கம் படகின் அடிமட்டத்தை விடச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருந்தால் போதும். கருவியோடு வரும் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் இறுதி. கேபிளை நீர்மட்டத்துக்கு மேலே உள்ளே கொண்டுவந்து, எஞ்சின் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக இழுக்க வேண்டும்.

மணலில் ஏற்றும் படகுக்கு?

மரக்காணம் பக்கக் குப்பங்களில் படகை அலையோடு கரைக்கு விட்டு, மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் அந்த மணலில் ஒரு நாள் கூடத் தாங்காது. ஆகவே இடித்தால் மேல்நோக்கி மடங்கும் தாங்கி உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். கரை நெருங்கும்போது அதைக் கையால் மடக்கிவிடணும். தினமும் அந்த நேரத்தில் இதை யார் ஞாபகம் வைத்துச் செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வாங்காமல் இருப்பதே லாபம். துறைமுகத்திலோ முகத்துவாரத்திலோ மிதக்கவிட்டுக் கட்டும் படகுக்கு இந்தப் பிரச்னை இல்லை.

பொருத்தியதும் சரிபார்ப்பது எப்படி?

எஞ்சின் வேகத்தை மாற்றாமல் ஒரே கோட்டில் போகவும் வரவும் ஓட்டுங்கள். ஜிபிஎஸ் ஒரு திசையில் 9.5, மறு திசையில் 6.5 காட்டினால் சராசரி 8 நாட். நீரோட்டம் இரண்டு பக்கமும் கழிந்துவிடும். சென்சார் 7.2 என்று காட்டினால், திரையின் அமைப்புகளில் திருத்த எண்ணை 1.11 என்று வைக்க வேண்டும்.

படகு தண்ணீரிலேயே கிடந்தால் சக்கரத்தில் பாசியும் கொட்டலசும் பிடிக்கும். அதைத் தடுக்கப் பூசும் பெயின்ட் நீர் கலந்த வகையாக இருக்க வேண்டும். கீட்டோன் கரைப்பான் உள்ள பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். படகு ஓடும்போது வேகம் மட்டும் 0 என்று காட்டி, வெப்பநிலை வழக்கம்போல வந்துகொண்டிருந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் சக்கரத்தில் பாசியோ நூலோ மணலோ சிக்கியிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டாலே திரும்ப ஓடத் தொடங்கும்.